மகாபலிபுரத்திலிருந்து வந்த புறா

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு புறாக்கள் இருந்தன. கருங்குழியில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேருக்குத்தான் தெரியும். புறாக்காரர் வீடு என்றால் பஸ் நிறுத்தத்திலேயே கையைக் காட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு மதுராந்தகத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. கடையில் அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சாயந்தரம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மாடி ஏறினால் ஆளே மாறிவிடுவார். பாட்டு வரும், சிரிப்பு வரும், புறாவிடம் ஒரு கேள்வி கேட்டு அதற்கு அவரே பதிலும் சொல்வார். எந்தப் புறாவுக்கு எந்தத் தேதியில் பூச்சி மருந்து கொடுக்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை படிவம் நிரப்பும்போது, நான் படிப்பது நான்காவதா ஐந்தாவதா என்று என்னிடமே மெதுவாகக் கேட்டார்.

அம்மாவுக்குப் புறாக்களைக் கண்டாலே ஆகாது. காயப்போட்ட துணியை எடுக்கப் போனால் அதன்மேல் புறாக்களின் கைவரிசை இருக்கும். ஒரு கோடை விடுமுறையில், விடியற்காலை எழுந்து கூழ் கிண்டி, மாடியில் புடவை விரித்து அம்மா வடகம் பிழிந்து வைத்தாள். அவள் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பதினான்கும் இறங்கி வந்து வடகத்தின்மேல் ஊர்வலம் போயிருந்தன. முன்னால் போனது கலெக்டர்.

கலெக்டர் என்பது அப்பா வைத்த பெயர். சாம்பல் நிறம், அகன்ற மார்பு. அதை நிமிர்த்திக்கொண்டு ஆய்வுக்கு வந்ததுபோல நடக்கும். அப்பா அதைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவார். ‘கலெக்டர் சாப்ட்டாரா?’ என்று கேட்டுக்கொண்டேதான் மாடி ஏறுவார். அது ஹோமர் ஜாதி, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அதை அவர் கொண்டுபோய் விட்டதெல்லாம் பக்கத்து ஊரான படாளம் வரைக்கும்தான்.

வடகம் நாசமான அன்று அம்மா கத்தவில்லை. அதுவே அப்பாவுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“எங்க வுட்டாலும் வரும்னு சொல்லிகினு இருக்கீங்களே, மகாபலிபுரத்துல என் தம்பி வூட்டாண்ட இருந்து வுடுங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துச்சுன்னா நான் இனிமே வாயே தொறக்கல. வரலன்னா பதினாலையும் யாருக்குனா குடுத்துடணும்.”

“நடுவுல திருக்கழுக்குன்றம் கீது,” என்றார் அப்பா.

“அங்க கழுகு வந்து எத்தினியோ வருசம் ஆச்சு.”

அப்பாவால் அதற்குமேல் பின்வாங்க முடியவில்லை. ஆனால் அவரே கொண்டுபோய் விடுவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. விடுமுறைக்கு எப்படியும் நான் மாமா வீட்டுக்குப் போகிறேன், நான் விடட்டும் என்றாள். “அதுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது” என்று காரணமும் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

காற்றுக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் கலெக்டரை வைத்து, அப்பாவே என்னை மகாபலிபுரத்தில் கொண்டுபோய் விட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டார். காலையில் கலெக்டருக்குத் தீனி போடக்கூடாது. பசித்த புறாதான் வீட்டைத் தேடும்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது கலெக்டர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பிடி நொய் போட்டேன். தின்றுவிட்டு மறுபடியும் பார்த்தார். இன்னொரு பிடி போட்டேன். பிறகு மாமா கொஞ்சம் பொட்டுக்கடலை போட்டார். நான் போட்டது அவருக்குத் தெரியாது.

மாமாவுக்குக் கல் பட்டறையில் வேலை. சாலையோரத்தில் பெரிய வெட்டவெளி. பாதி முடிந்த யானை, முழுதாக முடிந்த புத்தர், இன்னும் முகம் வராத பிள்ளையார் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்பது மணிக்குப் பட்டறை ஆட்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். நான் கலெக்டரை இரண்டு கையாலும் ஏந்தி மேலே வீசினேன். அழகாக எழும்பினார். மாமா உடனே அப்பாவுக்கு போன் போட்டார். “மாமா, கலெக்டர் கிளம்பிட்டாரு.” அவர் போனைப் பையில் வைப்பதற்குள் கலெக்டர் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் புத்தர் தலையில் இறங்கிவிட்டார்.

கை தட்டினோம். துண்டை வீசினோம். மெஷினை ஓட்டினால் பயந்து பறக்கும் என்று ஒருவர் கல் அறுத்துக் காட்டினார். மாவுபோலக் கல்தூள் எழுந்து எல்லார்மேலும் படிந்தது. கலெக்டர் புத்தர் தலையிலிருந்து யானை முதுகுக்கு மாறி, இறக்கைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தூங்கினார். தெருவில் போன ஒரு வெளிநாட்டுத் தம்பதி நின்று போட்டோ எடுத்தார்கள்.

அரை மணிக்கு ஒருதரம் அப்பா போன் செய்தார். “அங்க காத்து எப்படி அடிக்குது?” என்று முதலில் கேட்டார். அடுத்த தடவை, “கடல் பக்கமா போயிருப்பாரோ?” என்றார். பதினொன்றரைக்கு மறுபடியும் பேசினார். கடைக்கு லீவு போட்டுவிட்டு மாடியிலேயே நிற்பதாகச் சொன்னார். “வந்துகினு இருப்பாரு, மாமா,” என்றார் என் மாமா, யானை முதுகைப் பார்த்துக்கொண்டே.

நான் அழ ஆரம்பித்தேன். நொய் போட்டதைச் சொன்னேன். புறாக்கள் போய்விட்டால் அப்பா சாயந்தரம் வீட்டுக்கு வந்து என்ன செய்வார் என்று யோசிக்க யோசிக்க அழுகை நிற்கவில்லை.

ஒரு மணிக்குக் கலெக்டருக்குத் திரும்பவும் பசித்தது. தானே இறங்கி வந்து என் கையில் உட்கார்ந்தார். மறுபடியும் மேலே வீசினோம். மறுபடியும் யானைமேல் போய் உட்கார்ந்தார். மாமா போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனார். திரும்பி வந்தவர், “பாப்பா, சோத்தக் காட்டி அத்தப் புடி. பஸ்ல போலாம்,” என்றார்.

கலெக்டரை ஒரு துணிப்பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். செங்கல்பட்டு பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமா என் பக்கத்தில் நின்றுகொண்டார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டுப் பையைப் பார்த்தார்.

“இன்னா அது, உள்ள குர்குர்னுது?”

“செல்லு,” என்றார் மாமா. “வைப்ரேசன்ல கீது.”

“எடுத்துப் பேசேன். ரொம்ப நேரமா அடிச்சிகினே கீது.”

மாமா குனிந்து பைக்குள் வாயை வைத்து, “பஸ்ல கீறேன், அப்புறம் பேசறேன்,” என்றார். என்ன ஆச்சரியமோ, சத்தம் நின்றுவிட்டது. கண்டக்டர் திருப்தியாக முன்னால் போனார்.

திருக்கழுக்குன்றம் வரும்போது நிஜ போன் அடித்தது. அப்பாதான். அவர் குரல் எனக்கே கேட்டது. மெதுவாக வந்தாலும் இந்நேரம் திருக்கழுக்குன்றத்தையாவது தாண்டியிருக்க வேண்டுமே என்றார். மாமா குனிந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

“ஆமா மாமா. இப்பத்தான் தாண்டறாரு.”

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம் போய்ப் பையைத் திறந்தேன். கலெக்டர் ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், சல்லென்று எழும்பி, ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், எங்கள் வீட்டுப் பக்கம் பறந்தார். பிறந்ததிலிருந்து அதற்காகவே பயிற்சி எடுத்தவர்போல. நாங்கள் இரண்டு பேரும் டீக்கடையில் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்று நேரத்தைப் போக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.

எங்கள் தெருக்காரர்களில் பாதிப்பேர் மாடியில் இருந்தார்கள். அப்பாவின் தோளில் கலெக்டர். உடம்பெல்லாம் வெள்ளையாகக் கல்தூள். அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். “கடல் உப்பு. உப்புக் காத்த எதுத்துகினு வந்துகீறாரு. அதான் லேட்டு.” அவர் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் உப்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அம்மா ஓரமாக நின்றாள். நான் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்பது அவளுக்கு ஞாபகம் வந்ததுபோல என்னைக் கூப்பிட்டாள்.

“நீ எத்தினி மணிக்கு வுட்ட?”

“ஒம்போது மணிக்கும்மா.” அது உண்மை.

“சரி. சொன்னா சொன்னதுதான்,” என்று சொல்லிவிட்டுக் காபி போடக் கீழே போனாள். மாமாவிடம் டம்ளரைக் கொடுக்கும்போது, “பஸ்ல எடம் கெடச்சுதா?” என்று கேட்டாள். நான் சட்டென்று மாமாவைப் பார்த்தேன். மாமா அசரவில்லை. “பாப்பாவுக்குக் கெடச்சுது. நான் நின்னுகினுதான் வந்தேன்,” என்றார்.

இனிமேல் வாயே திறப்பதில்லை என்ற அம்மாவின் வாக்கு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் துணி எடுக்க மாடிக்குப் போனவள் பழையபடி ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்கும் அதில் ஒரு நிம்மதிதான் என்று தோன்றியது.

போன மாதம் மாமாவின் மகள் கல்யாணத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் கொண்டுபோகும் யோசனை உங்களுக்கு எப்படித்தான் வந்தது என்று மாமாவைக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“எனுக்கு எங்க வந்துச்சு? உங்கம்மாதான் போன் பண்ணுச்சு. அது கிளம்புச்சா இல்லியா, நெசத்த சொல்லுன்னுச்சு. யானை மேல தூங்குதுன்னு சொன்னேன். இந்த மனுசன் காலையில இருந்து மாடிய வுட்டு எறங்கல, சோறு துன்னல, அந்த சனியன பஸ்ல போட்டு எடுத்துகினு வான்னுச்சு. முன்னாடி ஸ்டாப்புலயே எறங்குன்னும் அதான் சொல்லுச்சு.”

கலெக்டர் வந்து சேர்ந்த அன்றிரவு இது எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அடுப்படிக்குப் போனேன். அம்மா டிபனுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நேத்து கலெக்டரு...”

“அதான் வந்துருச்சு இல்ல. போய்ப் பல்ல வெளக்கு,” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பாவம், அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பல் துலக்கிக்கொண்டே வருத்தப்பட்டேன்.