இந்தியாவுக்குப் பெட்டி கட்டிய கதை

எங்கள் தோட்டத்தில் இந்தியாவுக்குப் போய் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போகிறவர்களுக்கு யோசனை சொல்லத் தெரிந்தவர்களை எண்ணி முடியாது. அதிலும் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், ஒருவரே லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் சமம். கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கியவர். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து கிளம்பிய ஒவ்வொருவருடைய பெட்டியையும் அவர்தான் திறந்து பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. துறையூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டில் வளர்ந்த என் சித்திக்குக் கல்யாணம் என்று சேதி வந்தது. சித்தியைப் பாவாடை கட்டத் தெரியாத வயதில் கப்பலில் அனுப்பியதுதான், அதற்குப் பிறகு அம்மா அவளைப் பார்க்கவில்லை. எப்படியாவது போய்விடுவது என்று அம்மா உறுதியாக இருந்தாள். அப்பா துரையிடம் ஒரு மாத லீவு கேட்டு வாங்கினார். அம்மா, அப்பா, கைக்குழந்தையாக இருந்த தம்பி, நான் எல்லாரும் போவதாகத்தான் முதலில் பேச்சு.

லிந்துலையில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ஒரு பச்சை நிறத் தகரப் பெட்டி வாங்கினோம். பெட்டியைத் துடைத்துக் கொடுக்கும்போதே நானா ஆரம்பித்துவிட்டார். "தேயிலைத் தூளை ஒரே பொட்டலமாக் கட்டாதீங்க தங்கச்சி, அங்க எறங்குனதும் வாங்கி வச்சுக்குவாங்க. துணிக்கு ஊடால கொஞ்சம் கொஞ்சமா வைங்க." அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, துணிகளுக்கு நடுவே தூளைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வைத்தாள். மாமா வந்தார். எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்.

"துணி பூரா தேயில வாசம் வீசுமே, மொதல்ல அதைத்தான் தொறப்பான். அடியில வையி."

அடியில் வைத்தாள். மறுநாள் வந்து, அடியில் வைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும் என்றார். கம்பளியை எடுத்துக் கீழே போட்டார். அங்கே வெயில் கொளுத்தும், கம்பளி எதற்கு என்றார். அன்று சாயந்திரமே திரும்பி வந்து, கப்பலில் காற்று அடிக்கும், குழந்தைக்கு ஆகாது என்று அவரே கம்பளியை எடுத்து உள்ளே திணித்தார். எலுமிச்சம்பழம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கப்பலில் வயிற்றைப் புரட்டும்போது பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. ரொட்டி சுட்டுக்கொண்டு போகலாம், சம்பல் ஆகாது, ஊசிப் போகும். திரும்பி வரும்போது மண்டபம் முகாமில் நோய் தொற்றாமல் இருக்கத் துணிமணியை எல்லாம் ஆவியில் போட்டு எடுப்பார்கள், ஆகையால் நல்ல சேலை ஒன்றும் கூடாது. கல்யாணத்துக்குப் போகிறவள் நல்ல சேலை இல்லாமல் எப்படிப் போவாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கொழுந்து பறித்துவிட்டு இடுப்பொடிந்து வருகிற அம்மா, ஒவ்வொரு நாளும் வாசலில் அவர் செருப்பைக் கண்டதும் கொழுந்துக் கூடையைத் தொப்பென்று போடுவாள்.

"அண்ணே, நீங்களே போயிட்டு வந்துருங்களேன். நான் நிம்மதியா வீட்ல இருக்கேன்."

"நானும் வந்தா இங்க யாரு இருக்குறது?" என்பார் மாமா, கொஞ்சமும் கோபப்படாமல். அவர் கோபப்படாததுதான் அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கும் எரிச்சலுக்குக் குறைவில்லை. அவர் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் என் சாமான்தான் ஏதாவது குறைந்தது. முதலில் என் கண்ணாடி வளையல் பெட்டி வெளியே வந்தது. அடுத்து ரிப்பன். கடைசியில் இரண்டு கவுன் மட்டும் மிஞ்சியது, ஒன்று ரோஸ், மற்றது நீலப் பூப்போட்டது. கடலைப் பார்ப்பதற்கு ரோஸ், கல்யாணத்துக்கு நீலம் என்று நான் தீர்மானம் செய்து வைத்திருந்தேன்.

பெரிய சண்டை வந்தது பித்தளைக் குடத்தால். சித்திக்குச் சீராகக் கொடுக்க அம்மா ஆசையாக வைத்திருந்த குடம் அது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன் மாதிரி ஆக்கியிருந்தாள். அது பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. மாமா அதை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார்.

"இது போகக் கூடாது தங்கச்சி."

"ஏன், கொடத்தையும் ஆவியில போடுவாங்களா?"

அதற்கு மாமா பதில் சொல்லும் முன்பே வாசலில் ஆள் வந்துவிட்டது. கீழ் லயத்துக்காரர் ஒருவர். மகனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார், அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இடம் போதாது. உள்ளே வந்து கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், அடுப்படியைப் பார்த்தார்.

"ஆட்டுக்கல்ல விட்டுட்டுத்தானே போவீங்க? அதத் தூக்கிட்டுக் கப்பல்ல ஏற முடியாதில்ல" என்றார், நல்ல மனதோடுதான்.

அம்மா அவரை விரட்டாத குறை. "நாங்க கல்யாணத்துக்குப் போறோம். ஒரு மாசத்துல வந்துருவோம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்றுவிட்டு அவர் போனார்.

மாமா குடத்தைக் காட்டினார். "பாத்தியா? கொடத்தோட, புள்ளகுட்டியோட, குடும்பமாப் போனா ஊரோட போறாங்கன்னுதான் பேசுவாங்க. கணக்கப்பிள்ளை காதுல விழும். அவரு ஆபீஸ்ல சொன்னாப் பேரை வெட்டிருவாங்க. வேலை போனா காம்பரா போச்சு. இங்க வேலை இருக்குன்னு தொரை சொன்னாத்தான் திரும்பி உள்ள விடுவான். நீ என்னாத்தக் கொண்டு போறேங்கிறது பெருசில்ல. என்னாத்த விட்டுட்டுப் போறேங்கிறதத்தான் எல்லாரும் பாப்பாங்க."

அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு இந்த நாட்டுப் பிரஜை என்ற பேரும் இல்லை, அந்த நாட்டுப் பிரஜை என்ற பேரும் இல்லை. பிறந்த மண்ணைவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதே பெரிய காரியம். எனக்கு அது எதுவும் தெரியாது. குடம் போகாது என்று மட்டும் விளங்கியது. குடம் போகாவிட்டால் என் வளையல் பெட்டிக்கு இடம் கிடைக்கும். மாமா வாழ்நாளில் முதல் தடவையாக உருப்படியான யோசனை சொன்னதாக நினைத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் குடம் உள்ளே இருந்தது. கம்பளியில் சுற்றி, கச்சிதமாக. என் கவுன் இரண்டும் வெளியே பாயில் கிடந்தன.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் நான் மாமாவின் மருமகள். பெட்டியில் இடம் இல்லாவிட்டால் என்ன? ரோஸ் கவுனைப் போட்டு, அதன் மேலே நீலக் கவுனையும் போட்டுக்கொண்டேன். ரிப்பனை மடித்து உள்ளே செருகினேன். கை இரண்டையும் கீழே இறக்க முடியாமல், பொம்மை மாதிரி நடந்து பஸ் ரோட்டுக்குப் போனேன்.

அப்பா பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கழுத்துப் பக்கம் ரோஸ் துணி எட்டிப் பார்த்தது.

"என்னாடி இது?"

"பெட்டியில எனக்கு எடம் வேணாம்மா. எல்லாத்தையும் போட்டுக்கிட்டேன்."

அம்மா குனிந்தாள். என் நீலக் கவுனின் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. பிறகு, "மாமா வீட்ல இரு தாயி, ஒரு மாசந்தான்" என்று சொல்லி விறுவிறுவென்று ஏறிவிட்டாள். தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் அது, யாருக்காகவும் நிற்காது. மாமாவின் பெண்சாதி, என் அத்தை, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு குடத்துக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று ரோட்டில் உட்கார்ந்து கத்தினேன்.

அதற்குப் பிறகு மாமாவின் தொல்லை முழுவதும் என் தலையில் விழுந்தது. தூங்குவது அவர் வீட்டில், சாப்பிடுவது அவர் வீட்டில். ஆனால் பொழுது விடிந்ததும் என்னை எங்கள் காம்பராவுக்கு இழுத்துக்கொண்டு போவார். கதவைத் திறந்து வை, வாசலைக் கூட்டு, அடுப்பைப் பற்றவை என்பார். அடுப்பில் வைக்க ஒரு பிடி அரிசி கிடையாது. வெறும் பானையில் தண்ணீரை ஊற்றிவைத்து, ஈர விறகை ஊதி ஊதி என் கண் எரிந்ததுதான் மிச்சம்.

"எதுக்கு மாமா?"

"பொகை போகணும். நல்லா ஊது."

என் துணியைத் துவைத்து எங்கள் வாசல் கொடியில்தான் போட வேண்டும், அவர் வாசலில் போடக் கூடாது. இப்படி ஒரு மனிதரோடு எப்படி ஒரு மாதம் தள்ளுவது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரம் முடிந்து கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தார். கீழ் லயத்துக்காரர் அவர் பின்னாலேயே வந்தார். மாமா மூச்சு வாங்க ஓடிவந்து ஓரமாக நின்றார். கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் நின்று புகையைப் பார்த்தார், கொடியில் கிடந்த கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க புள்ள, அம்மா அப்பா?"

அத்தனை நாள் என்னை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்ட மனிதரைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கய்யா. என்னைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க."

"விட்டுட்டா போயிருக்காங்க?"

"ஆமாங்கய்யா!"

"அப்ப சரி" என்றார் கணக்கப்பிள்ளை. பின்னால் நின்றவரிடம் திரும்பி, "பெத்த புள்ளைய இங்க விட்டுட்டு எவனாச்சும் வராம இருப்பானா? போயி வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என்ன மனிதர் இவர் என்று எனக்கு அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. நான் முறையிடுகிறேன், சரி என்கிறார். மாமாவோ வாசற்படியிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை ஒரு பாடு துடைத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து ஒரு இனிப்பை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், ஆனால் அவரோடு பேசவில்லை.

சொன்னபடியே அவர்கள் திரும்பி வந்தார்கள். வெயிலில் கறுத்து, கல்யாணப் பலகாரத்தோடு வந்தார்கள். அம்மா என்னை வாரி அணைத்தபோது நான் கட்டை மாதிரி நின்றேன். பிறகு மாமாவின் மேல் இருந்த புகார்களை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். வெறும் பானைக்கு விறகை வீணாக்கியதைச் சொன்னேன்.

"கணக்கப்பிள்ளை ஐயாகிட்டயும் சொல்லிட்டேன், நீங்க என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு."

அம்மா திடுக்கிட்டு மாமாவைப் பார்த்தாள். "அவரு என்னா சொன்னாரு?"

"அப்ப சரின்னாரு."

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். புகை பிடித்துக் கறுத்துப்போன அந்தப் பானையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். மாமா வெளியே போய்விட்டார். கடைசியில் நான் சொன்னது அவளுக்கு உறைத்துவிட்டது, அந்தக் குடத்தைக் கொண்டுபோனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். நன்றாக அழட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.