ஏழாம் வியாழனில் வந்த கேள்வி

என் மகள் ஜெனிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. போன ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரம். சளி என்றுதான் நினைத்தோம். ஒரு மாலை அவள் சட்டையைக் கழற்றியபோது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போய் வருவதைப் பார்த்தேன். நெஞ்சுக்குள் யாரோ மெதுவாக விசில் ஊதுவது போல ஒரு சத்தம். அழக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மறுவாரம் டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எங்களுக்குப் படம் வரைந்து காட்டினார். தலைகீழாக நிற்கும் மரம் போல இருந்தது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, பிறகு கிளை கிளையாகச் சிறுத்து, நுனியில் திராட்சைக் கொத்து போலக் காற்றுப் பைகளில் முடிந்தது. குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இருக்கின்றனவாம். உள்ளே வரும் தூசியையும் சளியையும் அவை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம். புகை பட்டால் அவை அசையாமல் நின்றுவிடும். சளி தேங்கும், குழாய் வீங்கும். பெரியவர்களுக்கே அப்படி என்றால், குழந்தையின் குழாய் எவ்வளவு சின்னது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

என் கணவர் அருள் உடனே பதில் சொன்னார். "யாரும் இல்ல டாக்டர். கீழ் வீட்டுக்காரர்தான் படிக்கட்டுல உக்காந்து பிடிப்பாரு."

நான் வாய் திறக்கவில்லை. அருள் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வீட்டில் புகைபிடிப்பவள் நான்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது தொடங்கியது. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. குழுவில் எல்லாரும் அங்கே நின்றுதான் பேசுவார்கள். அருள் வாரத்தில் நான்கு நாள் ஓசூரில் தங்கி வேலை பார்க்கிறார், அம்மா வேலூரில். நாள் முழுக்க என்னோடு பேச அந்தக் கூட்டம் மட்டும்தான் இருந்தது. அங்கே ஒன்று. பிறகு மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று. வீட்டுக்குள் ஒருநாளும் பிடித்ததில்லை. வாய் கொப்பளிப்பேன், கை கழுவுவேன், ஏலக்காய் மெல்லுவேன். அதன் பிறகுதான் ஜெனியைத் தூக்குவேன். அவள் என் துப்பட்டாவில் முகம் புதைத்துக்கொள்வாள். என் முடியிலும் துணியிலும் என்ன ஒட்டியிருக்கிறது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதே உண்மை.

அன்று மாலையே அருள் கீழே போய்ப் பேசினார். பெருமாள் அண்ணா ஆட்டோ ஓட்டுகிறவர், தனியாக இருக்கிறவர். அவர் சண்டை போடவில்லை. "தெரியாம போச்சு சார்" என்றாராம். மறுநாளிலிருந்து படிக்கட்டில் அவரைக் காணவில்லை.

ஜெனிக்கு மட்டும் குறையவில்லை. இன்னும் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்தின் அளவு கூடியது. நான் நவநாள் தொடங்கினேன், ஒன்பது வியாழக்கிழமை தொடர்ந்து கோயிலுக்குப் போய் மன்றாடுவது. குழந்தை இயேசுவின் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு வாரமும் அழுதேன். டாக்டர் வரைந்த படம் என் செபப் புத்தகத்துக்குள் மடித்து இருந்தது. சுற்றிலும் அவ்வளவு கூட்டம், தமிழிலும் கன்னடத்திலும் அவ்வளவு மன்றாட்டு. என்னைப் போலத் தனியாக அங்கே யாரும் நின்றிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நாளைக்கு நிறுத்திவிடலாம், நிறுத்திவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ஏழாவது வியாழன். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு எதனால் இப்படி என்று காட்டும்" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

வீடு திரும்பியபோது வாசலில் பெருமாள் அண்ணா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தலையை மட்டும் அசைப்பவர், அன்று என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. நான் அத விட்டே ரெண்டு மாசம் ஆகப்போவுது. பாப்பாவுக்கு இன்னும் ஏன் இழுக்குது?"

படிக்கட்டை மட்டும் விட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் சிகரெட்டையே விட்டிருந்தார். என் பிள்ளைக்காக. நான் செய்த தப்புக்காக.

அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். மாடி, தண்ணீர்த் தொட்டி, ஏலக்காய், எல்லாவற்றையும். அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"அப்போ நான் சும்மாவா விட்டேன்?"

நான் அழுதேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. "பாரு, விட்டப்பறம்தான் சளி சளியா வருது. சரி, பர்வாயில்ல. நீயும் விடு. ரெண்டு பேரும் சேந்தே அவஸ்தப்படுவோம்."

அந்த இருமல் எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அசையாமல் நின்ற மயிர்கள் மறுபடி தள்ளத் தொடங்கியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அருளிடம் சொன்னேன். அவர் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டாக்டரம்மாவிடமும் நானே போய்ச் சொன்னேன். சிகரெட்டை அணைத்த பிறகும் புகை கொஞ்ச நேரம் மூச்சோடு வெளியே வரும், துணியிலும் தங்கும், குழந்தைக்கு அதுவும் ஆகாது என்று விளக்கினார். நான் நிறுத்துவதற்கும் உதவி செய்தார். இரண்டு முறை தவறினேன். தவறிய இரண்டு நாளும் மறைக்கவில்லை.

இன்று ஜெனி மாடிப்படி ஏறி இறங்கி ஓடுகிறாள். டாக்டர் சொன்னபடி இன்ஹேலர் இன்னும் போடுகிறோம், ஆனால் டிசம்பருக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. மழை நின்றதாலா, மருந்தாலா என்று என் மனது இப்போதும் கேட்கிறது. கேட்கட்டும். நான் காரணத்தைக் காட்டும்படி கேட்டேன். அரை மணி நேரத்தில், நான் யார் மேல் பழி விழ விட்டேனோ அவர் வாயாலேயே பதில் வந்தது. அதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருக்கலாம். ஒளித்ததையும் சேர்த்தே ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். அவர் நம்மை வெட்கப்படுத்துவதில்லை. நம்மோடு நிற்க யாரையாவது அனுப்புகிறார்.

எனக்கு அனுப்பியவர் கோயிலுக்கு வருகிறவர்கூட இல்லை. ஒன்பதாவது வியாழன் எங்களை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்தார். தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது மேலே பார்த்துக் கேட்பார்.

"நேத்து?"

"இல்லண்ணா. நீங்க?"

"இல்லம்மா."

இன்று காலையும் கேட்டார். ஆண்டவருக்கு நன்றி.