புளியமரத்தடிக் கேமரா வண்டி

என் தாய்மாமாவுக்கு ஒரு புளியமரத்தின் மேல் தீராத கோபம் இருந்தது. மரம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகும் ரோட்டில், அவருடைய ஊர் தொடங்கும் வளைவில், மற்ற மரங்களைப் போலத்தான் அதுவும் நின்றது. ஆனால் அதன் நிழல் அகலமானது. போலீஸ்காரர்களின் கேமரா வண்டி அந்த நிழலில்தான் வந்து நிற்கும். தலைமுடி காயவைக்கும் மிஷினைப் போன்ற ஒன்றைத் தூரத்தில் வரும் காரை நோக்கி நீட்டுவார்கள். அதில் ஒரு எண் விழும். எண் அதிகமாக இருந்தால் ஒரு கை நீண்டு காரை ஓரங்கட்டச் சொல்லும். மாமா வாடகைக் கார் ஓட்டினார். அந்தக் கை அவரை நோக்கி நீண்டதைப்போல வேறு யாரை நோக்கியும் நீண்டிருக்காது.

ஊர் எல்லையில் வேக அளவைச் சொல்லும் பலகை ஒன்று இருந்தது உண்மைதான். அதன் மேல் யாரோ காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இங்கே எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று நான் கேட்டபோது, "அந்தப் பிள்ளையத்தான் கேக்கணும்" என்றார் மாமா.

அந்த ரோட்டில் கார் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. எதிரே வருகிறவர் பட்டப்பகலில் முன்விளக்கை அடித்து அணைத்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். உடனே வேகம் குறையும். பெல்ட்டு தோளுக்கு வரும். பெட்ரோல் டேங்கின் மேல் சும்மா கிடந்த ஹெல்மெட்டு தலைக்கு ஏறும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் இந்த உதவியைச் செய்துகொள்வார்கள். மாமா அதில் மிகவும் தாராளமானவர். கேமரா வண்டி நிற்கும் நாட்களில் எதிரே வரும் அத்தனை பேருக்கும் லைட் அடித்துக்கொண்டே போவார். அவர்கள் கையைத் தூக்கி நன்றி சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

இந்த ஏற்பாட்டை அடியோடு வெறுத்தவர் அவருடைய மனைவி, என் அத்தை. அத்தை பால்வாடி டீச்சர். வீடுகளெல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம். பால்வாடிக் கட்டடம் அந்தப் பக்கம், புளியமரத்துக்கு எதிரே. தினமும் காலையில் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ரோட்டைக் கடத்த வேண்டியது அவர் பொறுப்பு. அதற்காகப் பழைய நூல்சேலை ஒன்றை முறுக்கிக் கயிறாக்கி, இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டு வைத்திருந்தார். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. ஆயாம்மா முன்முனையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அத்தை ரோட்டின் நடுவே கைகளை விரித்துக்கொண்டு நிற்பார். மூக்கொழுகிக்கொண்டு அந்தச் சேலை ரயில் ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை அவர் மூச்சு விடுவாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கேமரா வண்டி நின்றால் அத்தைக்கு அன்று நல்ல நாள். கார்கள் மாட்டுவண்டி மாதிரி வரும். பிள்ளைகள் நிதானமாகக் கடப்பார்கள். அதே நாள் மாமாவுக்கு நாசமாய்ப் போன நாள். ஒரே வண்டியைப் பார்த்து வீட்டில் ஒருவர் சிரிக்கவும் ஒருவர் திட்டவும் செய்ததால், காலாண்டு லீவுக்கு ஆனையூரிலிருந்து அங்கே வந்திருந்த நான் யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல் விழித்தேன். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எதிலும் ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்பு என்றுதான் அதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் சோற்றுத்தட்டின் முன்னால் அவர்கள் போட்ட சண்டை இன்னும் நினைவிருக்கிறது.

"வேகமா போறவனுக்கெல்லாம் லைட் அடிச்சுக் காப்பாத்தி விடுறீகளே, நல்லாருக்கா?" என்றார் அத்தை.

"நான் லைட் அடிச்சாலும் மெதுவாத்தான வாராய்ங்க? உனக்கு அதான வேணும்?"

"மரத்தத் தாண்டுனதும் மறுபடி முறுக்குறாய்ங்கல்ல?"

"நீ பிள்ளைகள மரத்துக்கிட்டதான கடத்துற? தாண்டிப் போயி அவன் எப்படிப் போனா உனக்கென்ன?"

அத்தை ரசம் ஊற்றினார். மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் ஜெயித்தவர் முகமும் நன்றாக இல்லை.

மாமாவின் சாமர்த்தியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. காரில் ஏறியதும் முன்சீட்டில் எனக்குப் பெல்ட்டை மாட்டிவிடுவார். தனக்கு மட்டும் போலீஸைக் கண்டால்தான் மாட்டிக்கொள்வார். ஒருநாள் திருமங்கலத்திலிருந்து வரும்போது புளியமரத்தடியில் மாட்டிக்கொண்டோம். காரை ஓரங்கட்டுவதற்குள் மாமா என் பக்கம் சாய்ந்து, "தாயி, தலையத் தொங்கப்போடு. கண்ணப் பாதி மூடிக்க" என்று கிசுகிசுத்தார். ஜன்னலருகே வந்த போலீஸ்காரர், "லைசென்ஸை எடுங்க" என்றார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் சார். பெரியாஸ்பத்திரிக்கு..."

"ஆஸ்பத்திரி அங்கிட்டு இருக்கு. நீங்க இங்கிட்டுப் போறீக?"

"ஊசி போட்டுட்டுத் திரும்பிக்கிட்டு இருக்கோம் சார்" என்றார் மாமா, கொஞ்சமும் தடுமாறாமல். நான் வாயையும் லேசாகத் திறந்து வைத்தேன். அது என் சொந்தச் சரக்கு. போலீஸ்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை, கண் பாதிதானே திறந்திருந்தது. "பிள்ளைய வச்சுக்கிட்டு மெதுவாப் போங்க" என்று விட்டுவிட்டார். எதிரே பால்வாடி வாசலில் நின்று அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அன்று எனக்கு மாமா பால்பன் வாங்கிக்கொடுத்தார். அத்தை என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார், மாமாவிடம்தான் பேசவில்லை.

அதற்கு இரண்டு நாளிலேயே கேமரா வண்டி வருவது நின்றுபோனது. வேறு எந்த ரோட்டுக்கோ அனுப்பிவிட்டார்களாம். மாமா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு பால் வேன், சேலை ரயிலின் கடைசிப் பிள்ளையை உரசுகிற மாதிரி வந்து, நிற்காமலே போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அத்தை அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "ஒரு நாளைக்கு ஒண்ணு போயிரும்ங்க. எந்தத் தாய்க்குன்னு பதில் சொல்லுவேன்?" என்றார். மாமாவும் தட்டைத் தள்ளி வைத்தார். "போலீஸு இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்ல" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று அத்தைக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மறுநாள் காலை, பிள்ளைகள் கடக்கும் நேரத்துக்கு முன்னால் மாமா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதலில் பேரையூர்ப் பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பித் திருமங்கலம் பக்கம் கொஞ்ச தூரம். எதிரே வந்த அத்தனை பேருக்கும் லைட் அடித்தார். அங்கே போலீஸும் இல்லை, கேமராவும் இல்லை. முழுப் பொய். ஆனால் அந்தப் பொய்க்கு ரோடே கட்டுப்பட்டது. புல்லட்டில் வந்த ஒரு மீசைக்காரர் நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒழுங்கு பார்த்துவிட்டு ஏறினார். ஒரு ஷேர் ஆட்டோக்காரர், டிரைவர் சீட்டில் தன்னோடு ஒட்டிக்கொண்டிருந்தவர்களை இறக்கி நடந்து வரச் சொன்னார். மணல் லாரி ஒன்று மாப்பிள்ளை ஊர்வலம்போல ஊர்ந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நாங்கள் வீடு திரும்பியபோது பிள்ளைகள் பத்திரமாகக் கடந்து முடித்திருந்தார்கள். அத்தையிடம் மாமா ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக்கூடாது என்றார். நல்ல காரியத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு அதுவும் குழப்பம்.

இரண்டொரு நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் திருமங்கலம் பக்கம் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த கார்க்காரர் எங்களுக்கு லைட் அடித்தார். மாமா பதறிப்போய் வேகத்தைக் குறைத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மரத்தடிக்கு வந்து பார்த்தால் யாருமில்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பேரையூர்ப் பக்கம் நாங்கள் லைட் அடித்து, திரும்பும்போது தாண்டி வந்த ஆள்தான் அவர். மரத்தடியில் போலீஸைக் காணவில்லை என்றதும், இன்னும் மறைவாக எங்கேயோ நிற்கிறார்கள் என்று முடிவுகட்டி, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் உதவி செய்துகொண்டு போயிருக்கிறார். மாமா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நாம விட்ட புருடா நமக்கே திரும்பி வருது பாரு, தாயி!" அன்றிலிருந்து யார் லைட் அடித்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அந்த ரோட்டில் போலீஸ் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இப்போது நானே கார் ஓட்டுகிறேன். முன்னால் கேமரா இருக்கிறது என்று என் போன் பெண்குரலில் சொல்கிறது. உடனே காலைத் தளர்த்துகிறேன். கேமராவைத் தாண்டியதும் அந்தக் கால் என்னைக் கேட்காமலே அழுத்துகிறது. ஒருமுறை அபராதச் செய்தி வந்தபோது ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டினேன். அது ஒழுக்கமா, பயமா, எரிச்சலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அபராதம் போட்டால் ரோடு திருந்துமா என்று அலுவலகத்தில் விவாதம் வரும்போதெல்லாம் ஆளாளுக்குத் தெளிவாகப் பேசுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த ஒரு காலை நேரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அன்று பால்வாடியில் முட்டை போடும் நாள். முட்டை நாளில் வழக்கமாக வராத பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். முடிச்சுக்குச் சண்டை நடந்து, ரயில் கிளம்பத் தாமதமாகிவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் லைட் அடிக்கும் வேலையை முடித்துவிட்டுத் திருமங்கலம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். மாமாவுக்கு அவசரச் சவாரி ஒன்று போனில் வந்திருந்தது. என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போகவேண்டும். வளைவுக்கு முன்னால் எதிரே ஒரு பஸ் வந்தது. டிரைவர் லைட் அடித்தார். ஒரு தடவை அல்ல, விட்டு விட்டுப் பல தடவை. கையையும் வெளியே நீட்டி ஆட்டினார்.

"இன்னைக்கு அம்புட்டுப் பேரும் நல்லா ஏமாந்திருக்காய்ங்க" என்றார் மாமா. நானும் சிரித்தேன். எங்களுக்கு முன்னால் போன காரும் ஆட்டோவும் அந்த லைட்டைப் பார்த்து ஊர்ந்தன. மாமா இரண்டையும் அலட்சியமாகத் தாண்டிக்கொண்டு வளைவில் திரும்பினார்.

ரோடு முழுக்கப் பிள்ளைகள். நடுவில் அத்தை, கைகளை விரித்துக்கொண்டு.

பிரேக் கத்தியது. பெல்ட்டு என் மார்பை அறுக்கிற மாதிரி பிடித்து இழுத்தது. கார் பக்கவாட்டில் திரும்பி, குலுங்கி, நின்றது. ரப்பர் எரிந்த நாற்றம் வந்தது. பிறகு ஒரு பிள்ளை அழ, எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் முன்சக்கரம் சேலையின் கடைசி முடிச்சின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த முடிச்சைப் பிடித்திருந்த சிறுமி அதை விட்டுவிட்டு ஓடி அத்தையின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை அவளைத் தூக்கி ஆயாம்மாவிடம் கொடுத்தார். பிள்ளைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் காரை நோக்கி நடந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மாமாவின் ஜன்னலருகே வந்து நின்று, கையை நீட்டினார்.

"லைசென்ஸை எடுங்க" என்றார்.

அதே வார்த்தை, அதே குரல். பால்வாடி வாசலிலிருந்து எத்தனை நாள் பார்த்திருப்பார்! அத்தை போலீஸ் விளையாட்டு விளையாடுகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பயமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். என் வேலை எனக்குத் தெரியும். தலையைத் தொங்கப் போட்டேன். கண்ணைப் பாதி மூடினேன். வாயை லேசாகத் திறந்து வைத்தேன். மாமா தன் வசனத்தைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

எந்தப் போலீஸ்காரரிடமும் பேசித் தப்பித்துவிடுகிற மாமா சட்டைப்பையைத் தடவும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. அத்தையின் வளையல் ஒலித்தது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம் பிள்ளைகளின் அழுகையை நோக்கிப் போய்விட்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. இன்ஜின் நின்றுபோயிருந்தது, சாவியை அவர் தொடவில்லை.

"மாமா, காய்ச்சல்னு சொல்ல மறந்துட்டீக" என்று மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தை திரும்பி வந்தால் அப்போதாவது சொல்லுவார் என்று, தலையைத் தொங்கப் போட்டபடியே காத்துக்கொண்டிருந்தேன்.