குடிக்காத மனுஷன்

என் கணவருக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, குடிப்பழக்கம் கிடையாது. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் பேச்சு குழறியது. என்னையே பார்த்து, "யாரும்மா நீ?" என்றார். எழுந்தவர் தள்ளாடிப் பக்கத்து ஆள்மேல் விழுந்தார்.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டாரு. எறக்கிவுடுங்க!" என்று அந்த ஆள் கத்தினார். கண்டக்டர் விசில் ஊதினார்.

அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தேன். சாராய வாடையே இல்லை.

"அவரு குடிக்கிறவரு இல்லீங்க! ஒடம்புக்கு என்னமோ ஆவுது, ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!" என்று அலறினேன்.

முன்சீட்டுப் பெண் ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். டிரைவர் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார்.

ஈரல் கெட்டுப்போய், ரத்தத்தில் தங்கிய கழிவு மூளையைக் குழப்பிவிட்டதாம். மறுநாள் தெளிந்ததும் என் கையைப் பிடித்து, "ரொம்ப பயந்துட்டியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவர் வாயை மோந்து பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியுமே.