கைக்கு அடங்கிய டூல்

அரிசி மூட்டைக்கு நிற்கத் தெரியாது. அடுக்கி வைத்தால் கொஞ்ச நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், மேல் வரிசை சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பழைய சணல் சாக்காவது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கும். இப்போது வருவது படம் போட்ட பிளாஸ்டிக் பை. பார்க்க அழகு, தொட்டால் வழுக்கல்.

நான் வேலை பார்க்கும் ரைஸ் மில் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. பை தைக்கும் மெஷினில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரரின் தங்கையையும் கூட இழுத்துக்கொண்டு போனேன். அறுவடை வந்து நெல் குவிந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். நெல் குறைந்தால் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பும்வரை எங்களுக்கு நடவும் களையெடுப்பும்தான். எனக்கோ முழங்கால் போய்விட்டது. ஒரு நாள் நடவு நட்டால் மறுநாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். இனிமேல் சேற்றில் இறங்க மாட்டேன் என்று வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தேன். சத்தம் போட்டாயிற்றே தவிர, வேறு வழி ஒன்றும் கையில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பெரிய கடையிலிருந்து எங்கள் மில் அரிசியைக் கேட்டார்கள். மூட்டையை ஒவ்வொன்றாக இறக்க அவர்களிடம் ஆள் இல்லையாம். பேலட்டில் அடுக்கி அனுப்பச் சொன்னார்கள். பேலட் என்பது அடியில் இடைவெளி விட்டு அடித்த மரப்பலகை. மூட்டைகளை அதன் மேல் அடுக்கிவிட்டால், வண்டி வந்து பலகையோடு மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் லோடை எங்கள் லோடுமேன்கள் நைலான் கயிற்றால் வரிந்து கட்டி அனுப்பினார்கள். அது சரிந்து போய்ச் சேர்ந்த கோலத்தைச் சென்னைக் கடையில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி அந்தப் படத்தை மில் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார், கல்யாண ஆல்பம் காட்டுகிற மாதிரி.

"இனிமே கயிறு வேணாமாம். பட்டை போட்டு இறுக்கி, கிளிப் அடிச்சு அனுப்பணுமாம். அதுக்குன்னு டூல் இருக்காம். வருஷம் பூரா அந்த வேலைக்கு ஆள் வேணும்" என்றார்.

வருஷம் பூரா என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. "நாங்க ரெண்டு பேரும் கட்டுறோம் முதலாளி" என்றேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் கேட்காமல் சொன்னதற்காக அல்ல, பட்டை என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும் என்பதற்காக. முதலாளி எங்கள் கைகளைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். அவர் 'பார்க்கலாம்' என்றால் பாதி 'முடியாது' என்று அர்த்தம்.

டூல் வாங்கத் தஞ்சாவூருக்குப் போனபோது எங்களையும் மில் வேனில் ஏற்றிக்கொண்டார். அந்த மட்டில் நல்ல மனுஷன். கீழவாசல் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் மூன்று வகையை எடுத்து மேஜையில் வைத்தார். பேட்டரியில் ஓடுவது ஒன்று. அதன் விலையைக் கேட்டதும் முதலாளி அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அடுத்தது இழுப்பது, கிளிப் அடிப்பது, அறுப்பது எல்லாவற்றையும் ஒன்றே செய்யும் கை டூல். கனமான இரும்பு. மூன்றாவது தனித்தனியாக இரண்டு: பட்டையை இழுத்து இறுக்கும் டென்ஷனர் ஒன்று, கிளிப்பைக் கடித்து நசுக்கும் சீலர் ஒன்று.

முதலாளிக்கு அந்த மூன்று வேலை செய்யும் டூல் ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரே டூலு, தொலையாது" என்றார். நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். மேஜை மேல் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு உயரத்தில் மூட்டைமேல் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்று யோசித்தபோது தோள்பட்டை இப்போதே வலித்தது. எங்கள் இருவருக்கும் உயரமும் அப்படியொன்றும் தாராளம் இல்லை.

"இது யாரு புடிக்கிறதுக்குச் செஞ்சது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "தட்டையான பெட்டிக்கு மேல வச்சு இழுக்கறதுக்கு நல்லா இருக்கும்மா. மூட்டை புடைச்சுக்கிட்டு நிக்குமே, அதுக்கு நீங்க சின்னதைப் பாருங்க."

சின்னதை எடுத்தேன். டென்ஷனர் கைக்கு அடங்கியது. நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டினால், உள்ளே ஒரு பல்சக்கரம் பட்டையைக் கடித்துக் கடித்து இழுத்தது. ஒரு மரப்பெட்டியில் பட்டையைச் சுற்றிக் கட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டினேன். பெட்டி முனகியது. சீலரின் கை நீளமாக இருந்ததால் கிளிப்பை நசுக்கவும் பெரிய பலம் தேவைப்படவில்லை. இறுக்கும் இடத்தை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் ஸ்டூல் போட்டு ஏறவும் வேண்டாம். பட்டையின் அகலமும் கிளிப்பின் அகலமும் டூலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், மாறினால் மூன்றும் வீண் என்று கடைக்காரர் சொன்னதை நாத்தனார் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். இரும்புப் பட்டை பையை அறுக்கும் என்பதால் பச்சை நிறப் பிளாஸ்டிக் பட்டையை வாங்கினோம்.

"முதலாளி, இதுதான்" என்றேன்.

"ஒண்ணுக்கு ரெண்டா?"

"ஒண்ணு ரிப்பேர் ஆனா இன்னொண்ணாவது வேலை செய்யும். அது ரிப்பேர் ஆனா மூணு வேலையும் நிக்கும்."

அவர் வாங்கினார். "நீ சொல்லித்தான் வாங்குறேன், பாத்துக்க" என்று திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கும்போது சொன்னார்.

புது டூலை உடனே தொட விடவில்லை. ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பூஜையில் வைத்து, விஜயதசமி அன்று முதல் பேலட் கட்டலாம் என்றார். சரியான பேச்சுதான், யாரும் மறுக்கவில்லை. பூஜை அன்று மில்லைக் கழுவித் தோரணம் கட்டினோம். எடைமேடை, பை தைக்கும் மெஷின், நெல் தூக்கும் மோட்டார், தள்ளுவண்டி எல்லாம் வரிசையாக நின்றன. எங்கள் மில்லில் சந்தனக் கிண்ணத்தை முதலாளிதான் தொடுவார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தில் மூன்று விரலை முக்கி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் இழுத்துக்கொண்டே வருவார். மோட்டாருக்கு நெற்றி பெரிது, தாங்கும். டென்ஷனருக்கு ஏது நெற்றி? அதன் வாய் மேலேயே தாராளமாக மூன்று இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியும் செருகினார். நான் கைகூப்பி நின்றேன். உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. என் டூலுக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் பொரியும் கடலையும் தின்றுகொண்டு சுற்றி நின்றார்கள். பூவை எடுத்துவிட்டு மேலாகத் துடைத்தேன். மூங்கில் பிளாச்சின் நுனியில் பட்டையைச் செருகி, பேலட்டின் அடியில் விட்டு மறுபக்கம் வாங்கினேன். டென்ஷனரில் மாட்டி நெம்புகோலை இழுத்தேன். பட்டை விறைத்துக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு இழுப்பு என்று நினைத்தபோது 'சர்' என்று உருவிக்கொண்டு போனது. மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதே. நாத்தனார் "மெதுவா அண்ணி" என்றாள். மெதுவாக இழுத்தேன், மெதுவாக உருவிக்கொண்டது.

"கையில வலு பத்தல போல" என்றார் முதலாளி. திட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

லோடுமேன் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நெல் மூட்டையைத் தூக்குகிற அதே மூச்சோடு ஒரு இழுப்பு இழுத்தார். பட்டை மொத்தமாக உருவிக்கொள்ள, அவர் போய்ப் பொரித் தட்டின் மேல் உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"அப்ப டூலுதான் சரியில்ல. சாயந்திரம் கடையில திருப்பிக் குடுத்துட்டு அந்த ஒரே டூலை வாங்கிடுவோம். மேஸ்திரி ஆளுங்க கட்டட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மேஸ்திரி கையிலும் வழுக்கியது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கை என்னுடையது, டூல் நான் பொறுக்கியது. எது கெட்டது என்றாலும் பழி என்னிடம்தான் வரும். அந்தப் பெரிய டூல் வந்துவிட்டால் எங்களுக்கு மறுபடி பை தைப்பதுதான், நெல் குறைந்தால் மறுபடி சேறுதான். நாத்தனார் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள், நான் போகவில்லை. கடைக்காரரைப் போனில் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்பதற்கு முன் டூலில் என்ன நம்பர் அடித்திருக்கிறது என்று பார்க்க, அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கமகமவென்று வாசனை வந்தது.

டென்ஷனரின் வாயைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினேன். பல்சக்கரத்தில் பல்லே தெரியவில்லை. இடுக்கு இடுக்காகச் சந்தனம் இறங்கி, ராத்திரியெல்லாம் காய்ந்து, கெட்டியாக அடைத்திருந்தது. வழவழப்பான சக்கரம் எதைக் கடிக்கும்? வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"அண்ணி! சாமிக்கு வச்சதைச் சொரண்டுறீங்களே" என்று நாத்தனார் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சாமி பல்லுலயா வைக்கச் சொன்னிச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு லாரி டிரைவரிடம் போய் ஒரு பழைய டூத்பிரஷ்ஷும் மூடியில் கொஞ்சம் டீசலும் வாங்கி வந்தாள். தேய்த்து, துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்ததும் பல் ஒவ்வொன்றாக முளைத்து வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. இருவருமாகப் பேலட்டுக்குப் போனோம். முனைகளில் அட்டை வைத்துப் பட்டையைச் சுற்றி இழுத்தேன். சக்கரம் கடித்தது, விடவில்லை. மூட்டைகள் உள்ளே ஒடுங்கின. நாத்தனார் கிளிப்பை வைத்துச் சீலரால் நசுக்கினாள். நெடுக்கும் குறுக்குமாகக் கட்டி முடித்தபோது, பேலட்டைப் பிடித்து உலுக்கினால் நாங்கள்தான் ஆடினோம்.

முதலாளி திரும்பி வந்து பார்த்தார். கூட வந்த கணக்குப்பிள்ளை நல்லவர், சண்டை பிடிக்காதவர். "அட, கை பழகிடுச்சு போல" என்றார். எல்லோருக்கும் சௌகரியமான பதில். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாத்தனார் என் முழங்கைக்குப் பின்னால் கிள்ளினாள், ஆமான்னு சொல்லுங்க என்று. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் காலையில் வலு இல்லாமல் போனது என் கைதான் என்று ஆகிவிடும். நாளைக்கு எந்தப் பட்டை எங்கே தளர்ந்தாலும் அதையே சொல்வார்கள்.

"கை காலையிலயும் இதே கைதான் முதலாளி. டூலு பல்லுல சந்தனம் அடைச்சிருந்துச்சு. சொரண்டி எடுத்தேன்."

முதலாளி தன் விரல்களைப் பார்த்தார். நக இடுக்கில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் இருந்தது. கிட்டே வந்து பட்டையை ஒரு விரலால் இழுத்து விட்டார். அது 'டங்' என்றது. "ஏத்துங்கய்யா" என்றார் மேஸ்திரியிடம். லாரியில் ஏற்றி வாய்க்கால் கரை மேட்டுப் பாதையில் போய்த் திரும்பி வரச் சொன்னார். அந்தப் பாதையில் போனால் மனுஷனுக்கே இடுப்பு கழன்றுவிடும். லாரி வந்து நின்று கதவைத் திறந்தபோது பேலட் அப்படியே இருந்தது. "நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேருமே கட்டுங்க" என்றார். சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அன்று ராத்திரி சோறு இரண்டு தட்டு இறங்கியது.

அதற்குப் பிறகு நெல் குறைந்த மாதங்களிலும் எங்களை யாரும் அனுப்பவில்லை. அந்த வருஷம் நான் சேற்றில் இறங்கவே இல்லை. ஆனால் அந்தப் பேச்சை முதலாளியிடம் அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாமோ என்று அவ்வப்போது தோன்றும். அவர் எங்களிடம் வேலையைத் தவிர வேறு பேச்சை நிறுத்தியிருந்தார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மெஷின்கள் பழையபடி வரிசையாக நின்றன. எங்கள் மேஜையில் டென்ஷனரையும் சீலரையும் துடைத்து வைத்து, டென்ஷனரின் வாயில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முதலாளி ஒவ்வொன்றாகச் சந்தனம் இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் மேஜை முன்னால் நின்றார். துணியைப் பார்த்தார். மேஸ்திரி, கணக்குப்பிள்ளை, டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போச்சு என்று நினைத்தேன்.

அவர் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். "இதுக்கு நீயே வச்சிடும்மா."

அந்தக் கிண்ணத்தை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டேன். விரலை முக்கி டென்ஷனரின் கைப்பிடியில் வைக்கப் போனேன். வருஷம் முழுக்க நெம்புகோல் இழுத்த கை அப்போது நடுங்கியது. பொட்டு கைப்பிடியை விட்டு ஓரமாக வழிந்தது.

பின்னாலிருந்து நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, கையில வலு பத்தல போல."

முதலில் சிரித்தது முதலாளிதான்.