கடை முகப்பில் மாட்டிய பாக்கெட்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது நாப்கின் கேட்டால், ஆம்பளைகள் கண்ணில் படாமல் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத்தான் கொடுப்பேன். ஒருநாள் நான் சுற்றி முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த திருநெல்வேலிப் பெண் செல்வி, ஷிப்டு போச்சே என்று அழுதே விட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள், உள்ளே மடித்து வைத்திருந்த நாப்கின் விளம்பரத்தைக் கடை முகப்பில் ஒட்டி, பாக்கெட்டுகளைச் சிப்ஸ் பக்கத்திலேயே மாட்டினேன்.

பக்கத்து டீக்கடையில் நின்றவர் இளித்தார். "இன்னா ஆயா, இத்தயெல்லாம் ரோட்டுல மாட்டிகினு கீற?"

"உங்கம்மாவுக்கு இது வராம இருந்தா நீ ஏதுப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

அதைக் கேட்டு, அங்கே வந்து நின்றிருந்த கம்பெனி பஸ்ஸிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். செல்வி ஜன்னல் வழியே கையை நீட்டி, "ஆச்சி, எனக்கு ஒண்ணு தாங்க!" என்று சத்தமாகக் கேட்டாள்.

சுற்றாமல் கொடுத்தேன். இப்போதெல்லாம் கறுப்புப் பை நான் வாங்குவதே இல்லை.