பழைய காருக்கு அவர் சொன்ன குறைகள்

செஞ்சியில் ஒருவர் வீட்டுக்குப் பழைய கார் வாங்கப் போனேன். உருண்டை விளக்கும் நீண்ட பின்பக்கமுமாக, அந்தக் காலத்து மோஸ்தரில் செய்த சின்ன வேகன் அது. விற்பவர் மெலிந்த மனிதர். தோள் துண்டால் காரைத் துடைத்துக்கொண்டேதான் பேசினார்.

"கிளட்ச் தேஞ்சுபோச்சு சார்."

"பரவாயில்லைங்க."

"மழ வந்தா உள்ள ஒழுகும்."

"பரவாயில்லைங்க." எனக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. காரும் பிடித்திருந்தது.

"ஏசி இருக்குது. ஆனா சூடாதான் காத்து வரும்."

அதற்கும் தலையாட்டினேன். அவரிடம் சொல்ல வேறு குறை இல்லை போலும். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு விக்க மனசில்ல சார். வித்துடுங்க வித்துடுங்கன்னு வூட்ல ஒரே டென்ஷன். புடிக்கலன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவர் மனைவி காபியோடு வெளியே வந்தார். "இன்னா சார், வண்டி புடிச்சுதா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கலர் புடிக்கலைங்க" என்றேன்.

"வந்தவங்க யாருக்குமே புடிக்கல, உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் கண்ணாடியை மும்முரமாகத் துடைக்கத் தொடங்கினார்.

அந்தக் காரின் இளம்பச்சையை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்துவிட்டு, அதற்காகவே வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.